கணக்கு அக்கா நிறுத்திய ஓட்டம்

அந்த மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் அவளுக்கு சர்வரம்மா என்று பெயர். ஏசி அறைக்குள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் இருக்கும் ஒரே குளியலறைக்கு மாமனார், கணவன், மகள் மூவரையும் சண்டையில்லாமல் அனுப்பிவைக்கிறவள் அவள். நாலு சாப்ட்வேரை ஒரே இயந்திரத்தில் குடிவைப்பது அவளுக்கு மலையாகத் தோன்றவில்லை.

பழைய சர்வர்கள் முனக ஆரம்பித்ததும், பெரிதாக ஒன்று வாங்கி அதற்குள்ளேயே பல சர்வர்களை உருவாக்கிவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச், கணக்கு, சம்பளம், மெயில் எல்லாம் கூட்டுக்குடித்தனம். யாருக்கு வேலை அதிகமோ அவர் மிஷினின் மூளையான பிராசசரில் அதிகம் எடுத்துக்கொள்ளட்டும். நாள் முழுவதற்கும் சராசரி போட்டுப் பார்த்தபோது பாதி சும்மாதான் கிடந்தது. "என் பொறுப்பு" என்று கூட்டத்தில் வாயையும் விட்டாள்.

சராசரி ஆளைக் கவிழ்த்துவிடும். காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாளன்று காலையில் டெஸ்பாட்ச் மேஸ்திரி போன் செய்தார்.

"அம்மா, ஸ்கிரீன் அப்படியே செத்துக் கெடக்கு. கேட்ல வண்டிங்க வரிசை கட்டி நிக்குது. ஆஸ்பத்திரி மருந்து மத்தியானத்துக்குள்ள போயாகணும். உங்க புது மிஷினு தூங்குதா, இல்ல கோவிச்சுக்கிச்சா?"

மிஷின் தூங்கவில்லை. காலாண்டு முடிப்பு பிராசசரை வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. டெஸ்பாட்சும் கணக்கும் ஒரே காலையில் பசியோடு வரும் என்பதை அவளுடைய சராசரி சொல்லவேயில்லை. டெஸ்பாட்சை இனி மற்றவர்களோடு பங்குபோட விட்டால் ஆகாது. வேறு யாரும் தொடாதபடி கொஞ்சம் பிராசசரைத் தடுத்து, தனிப் பகுதியாகவே கொடுத்துவிட வேண்டும். அதற்கு முழு மிஷினையும் நிறுத்தித் திரும்பக் கிளப்பியாக வேண்டும். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

கணக்குப் பிரிவின் தலைவியை எல்லோரும் கணக்கு அக்கா என்பார்கள். கம்பெனியிலேயே நீளமான நாக்கு அவளுடையது. அன்று விடியும்போதே வந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். மாலையில் வெளியூரிலிருந்து வரும் மகளை அழைத்துவர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தாள். சர்வரம்மா மென்று விழுங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஏண்டி, எல்லாரையும் ஒரே ரூம்ல படுக்க வெக்கிறதுக்கு முன்னாடி, யாரு குறட்டை விடுவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல அக்கா. தப்புதான்."

அக்கா ஸ்கிரீனைப் பார்த்தாள். கணக்கு முக்கால்வாசி ஓடியிருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு அவளே நிறுத்தினாள். "போ. நோயாளி காத்திருக்க மாட்டான், கணக்கு காத்திருக்கும். மேஸ்திரி கத்தறதுக்குள்ள ஓடு."

மிஷின் திரும்பக் கிளம்பி, கணக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது; வண்டிகள் மத்தியானத்துக்கு முன்பே கேட்டைத் தாண்டின. சர்வரம்மா நேராக அக்காவின் மேஜைக்குத் திரும்பிவந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"எதைப் பாக்கணும்னு சொல்லிக்குடுங்க அக்கா. இது முடியற வரைக்கும் நான் உக்காந்து பாத்துக்கறேன். நீங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

"உன்னை நம்பியா?"

"என்னை நம்பித்தானே காலைல நிறுத்தினீங்க?"

அக்கா ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள். எந்த வரி சிவப்பானால் போன் செய்ய வேண்டும் என்று காட்டினாள், கைப்பையை எடுத்தாள், வாசல்வரை போய்த் திரும்பிவந்து இன்னொரு முறை காட்டினாள். பிறகுதான் போனாள். சர்வரம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, மெதுவாக நகரும் அந்தக் கணக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.