இருபத்துநான்கு வளையம்

பிளைவுட் ஆலையில் மரம் சீவும் மெஷினை இருபத்தேழு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த மனிதரை எல்லோரும் பெருவிரல் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு கட்டையையும் மெஷினில் ஏற்றுவதற்கு முன் அதன் வெட்டு முகத்தை ஈரத்துணியால் துடைப்பார். பிறகு நடுத்தண்டிலிருந்து பட்டை வரை வளையத்துக்கு வளையம் பெருவிரலை வைத்து எண்ணுவார். மலைவேம்பு வருடத்துக்கு ஒரு வளையம் போடும், தோட்டத்தில் நன்றாக வளர்ந்த மரமென்றால் வளையம் ஏறக்குறைய அவர் விரல் அகலம் இருக்கும். ஆறு விரல் கண்டால் ஆறு வயது என்று சொல்லிவிட்டு ஏற்றிவிடுவார்.

ஏற்றிய பிறகு நடப்பதை இத்தனை வருடம் பார்த்தும் அவருக்கு அலுக்கவில்லை. கட்டை சுழலும், நீளக் கத்தி அதைத் தொடும், பென்சில் சீவினாற்போல மெல்லிய மரத்தாள் பிரிந்து ஷெட்டின் அந்தக் கோடி வரை ஓடும். ஒரு கட்டைக்குள் நாற்பது மீட்டர். அதுவும் ஆறு வருடத்துக்கு முன்னால் விரற்கடை நாற்றாக இருந்த மரத்துக்குள்! "எங்கேதான் இவ்வளவையும் சுருட்டி வச்சிருந்துச்சு?" என்று வாய்விட்டே கேட்பார். வீட்டிலும் இதே பேச்சுதான். "என்னைக் கட்டினதுக்குப் பதிலா அந்தக் கட்டையையே கட்டியிருக்கலாம்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்துவாள்.

ஒரு காலத்தில் அந்த ஆலை எது வந்தாலும் சீவியது. காட்டு மரமோ தோட்டத்து மரமோ யாரும் கேட்டதில்லை. ஊருக்குப் பின்னால் இருந்த குன்று மொட்டையடித்ததுபோல் ஆன பிறகுதான் புது நிர்வாகம் வந்து வழிமுறையை மாற்றியது. விவசாயிகள் தங்கள் நிலத்தில் நட்டு, ஆறு வருடத்துக்கு ஒரு முறை வெட்டி, அடிமரத்திலிருந்து மறுபடி தழையவிடும் மரம் மட்டும்தான் உள்ளே வரலாம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர் ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நம்பர் போட்ட லோடில் ஒரே ஒரு திருட்டுக் காட்டு மரம் கலந்திருந்தாலும் மொத்த லோடும் திரும்பும், அந்த நிலத்தின் நம்பர் பதிவேட்டிலிருந்து ஒரேயடியாக அடிபடும், ஏற்றி வந்த லாரி இனி கேட்டைத் தாண்ட முடியாது. காட்டில் நெருக்கத்திலும் நிழலிலும் வளரும் மரத்துக்கு வளையம் நூல் நூலாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆலை நம்பியது பெருவிரலை. அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

அன்று காலை வந்த லோடு அவர் மனைவியின் தம்பியுடையது. மச்சினன் சொந்தமாக லாரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணாடியைக்கூடத் தன் துண்டால்தான் துடைப்பான். பதினோராவது கட்டையைப் பெருவிரல் துடைத்தார். பட்டையை ஒட்டி நாலு வளையம் நூலிழையாக நெருங்கிக் கிடந்தன. விரலை வைக்கவே இடமில்லை. நகத்தால் எண்ணினார். இருபத்துநான்கு.

"மெஷினை நிறுத்து! திருட்டு மரம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பியது.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, சத்தியமா நான் வழியில எங்கயும் நிறுத்தல. நம்பர் வாங்கின அந்த நிலத்துக்கார அக்கா தோட்டத்துலதான் எல்லாத்தையும் ஏத்தினேன்."

"ஆறு வயசு நிலத்துல இருபத்தி நாலு வயசுக் கட்டை எப்படி முளைக்கும்? நீயே சொல்லு மாப்ளே."

ஷெட் மேலாளரான பெண்மணி நம்பர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "சொந்தக்காரர்னு பாக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்களை வச்சிருக்கோம்" என்றார். பெருவிரலுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மனைவிக்கும் மச்சினனுக்கும் இனி அவர் எந்த முகத்தோடு பதில் சொல்வார்?

கட்டையைத் தனியே உருட்டி வைக்கும்போது வெயில் அதன் முகத்தில் நேராக விழுந்தது. சும்மா ஒரு தரம் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடுத்தண்டை ஒட்டி இரண்டு வளையம் நல்ல அகலம். அடுத்த நாலு நூல். மறுபடி இரண்டு அகலம், நாலு நூல். மறுபடி. மறுபடியும். நாலு முறை, ஒன்று போல. காட்டில் எந்த மரம் இப்படிக் கணக்கு வைத்து வளரும்? அவர் வளையத்தை எண்ணியிருந்தார், பார்க்கவில்லை.

"மேடம், அந்த நிலத்துல முதல் நடவு எப்போ?"

மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். "இருபத்தி நாலு வருஷம் ஆச்சு. இது நாலாவது வெட்டு."

பெருவிரலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்ற மரங்களோடு ஒரே நாளில் நட்ட மரம் இது! முதல் இரண்டு வருடம் எல்லாம் குட்டையாக இருந்தபோது இதற்கும் வெயில் கிடைத்திருக்கிறது. மற்றவை கிடுகிடுவென உயர்ந்ததும் நிழலில் மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஆறாம் வருடம் சுற்றிலும் வெட்டினார்கள், வெயில் வந்தது, இரண்டு வருடம் விழுந்து விழுந்து வளர்ந்தது. அவை தழைத்தெழுந்ததும் மறுபடி இருட்டு. யாருமே எழுதி வைக்காத இருபத்துநான்கு வருடத்தை இந்தக் கட்டை ஒரு வளையம் பிசகாமல் வைத்திருந்தது. இருபத்தேழு வருடமாக மரத்தைப் படிக்கத் தெரியும் என்று மார்தட்டிய மனிதருக்குத் தான் எழுத்துக்கூட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"தப்பா கத்திட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "ஆனா என் வாய்ப்பேச்சு போதாது. அந்த நிலத்துல இதோட அடிமரத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நம்பரை அடிக்காதீங்க மேடம்."

கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு பெரிய தாளில் பென்சிலால் உரசிப் படியெடுத்துக்கொண்டு, மச்சினன் லாரியில் ஏறினார். ஒரு மணி நேரத்தில் நிலம் வந்தது. வெட்டாத பக்கத்தில் மலைவேம்பு நாலு மாடி உயரத்துக்கு வரிசை வரிசையாக நின்றது. படுத்த மரத்தையே வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்கும்வரை பார்த்தும் உச்சி சரியாகத் தெரியவில்லை. ஆறே வருடத்தில் இந்த உயரம்! மெஷின் சத்தத்துக்குப் பழகிய காதில் மேலே காற்று அலசுகிற ஓசை விழுந்தது.

நிலத்துக்காரி மண்வெட்டியோடு வந்தாள். அவர் ஒளிக்கவில்லை. "உங்களை ஆலையில எல்லார் முன்னாடியும் திருட்டுன்னு சொல்லிட்டேன்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கட்டையை வச்சு?"

அவர் தாளை விரித்துக் காட்டினார். அவள் நிலத்தின் எல்லைக்கல் மூலைக்கு நடந்து, அங்கிருந்த ஒரு அடிமரத்தைக் காட்டினாள். "எல்லைக்கு அடையாளமா இருக்கட்டும்னு ஒவ்வொரு வெட்டுலயும் இதை விட்டு வச்சோம். மூணு மாசம் முன்ன இந்தப் பக்கத்தை வெட்டினதும், தனியா நின்ன இது மழைக்காத்துல முறிஞ்சிடுச்சு. வீணாப் போக வேண்டாமேன்னு அறுத்து லோடோட அனுப்பினேன். அது பெரிய குத்தம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் மண்டியிட்டு அடிமரத்தைத் துடைத்தார். தாளை அதன்மேல் வைத்தார். இரண்டு அகலம், நாலு நூல். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. அடிமரத்தின் பட்டை ஓரத்திலிருந்து புதுத் தளிர் கிளம்பி, சுற்றிலும் வெட்டிய வெட்டவெளியில், அவர் தலைக்கு மேல் இரண்டு முழம் நின்றது.

"மூணு மாசத்துலயா இது?"

"வெயில் விழுது இல்ல? அப்புறம் சும்மா இருக்குமா?" என்றாள் அவள்.

பெருவிரல் போனை எடுத்து மேலாளருக்குச் சொன்னார். "பொருந்திடுச்சு மேடம். நம்பர் சுத்தம். லாரி மேலயும் ஒரு குத்தமும் இல்ல." பக்கத்தில் மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னொண்ணு. இனிமே நான் மட்டும் சொன்னா யார் நம்பரையும் அடிக்காதீங்க. அடிமரத்தைப் பாத்துட்டு அடிங்க."

"சரிங்க" என்றார் மேலாளர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ இதுவரைக்கும் உங்க பேச்சுல நாம அடிச்ச மூணு நம்பர்?"

பெருவிரல் போனைக் காதிலேயே வைத்திருந்தார். முதல் நம்பரை அடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்த நிலங்களை அவர் பார்த்ததே கிடையாது.

"மாமா, ஏறுங்க. திரும்பிடலாம்" என்றான் மச்சினன்.

"திரும்ப வேண்டாம் மாப்ளே" என்றார். "மேடம், அந்த மூணு நிலமும் எங்க இருக்குன்னு வழி சொல்லுங்க."