கடைசி வரியில் இட்டியானம்

இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்று பத்திரிகை பிறக்கும் ஊர் குன்னங்குளம். சபைக்காரர்களுக்கு ஒரு மாத இதழ், அதிலிருந்து பிரிந்தவர்களுக்கு இன்னொன்று, பாக்கு வியாபாரிகளுக்கு ஒன்று, பேய்க்கதைக்கென்றே ஒரு வார இதழ். பாதிக்கு மேல் அடுத்த ஓணத்தைப் பார்க்காது. ஆனால் பிறந்த அத்தனைக்கும் அச்சுக்கோத்தவள் இட்டியானம்தான்; அவள் பெயர் மட்டும் எதிலும் வந்ததில்லை.

"இந்த ஊர்ல எவன் பேரு பத்திரிகைல வந்தாலும் முதல்ல என் விரல்ல பட்டுத்தான் வரணும்" என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே, அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

கடைசியாக அவள் சேர்ந்தது 'கைத்திரி' என்ற வார இதழில். ஆசிரியர் பாவு மாஷ், பள்ளிக்கூடத்தில் பிரம்பை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தவர். காண்ட்ராக்டர் பொறிஞ்சு கட்டிய பள்ளிச் சுவர் முதல் மழையிலேயே சரிந்தபோது, சிமெண்டில் பாதி மணல் என்று மாஷ் எழுதிவிட்டார். பொறிஞ்சு மானநஷ்ட வழக்குப் போட்டார்.

எந்தப் பத்திரிகையானாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார் என்று ஒரு பொடி வரி இருக்கும். வழக்கு வந்தால் ஆசிரியரோடு அந்த ஆளும் கூண்டில் ஏறணும். கைத்திரியில் அந்தப் பெயர் அச்சக முதலாளி தாருகுட்டியுடையது. சம்மன் வந்த அன்றே அவர் மாஷைத் தேடி ஓடினார்.

"மாஷே, அடிக்கிறதுன்னா அடிச்சுத் தரேன். என் பேரை மட்டும் எடுத்துடுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குறா."

பெயரில்லாமல் இதழ் வராது. மாஷ் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். சாயாக்கடையில் மேசையைக் குத்திப் புரட்சி பேசியவர்களுக்குத் திடீரென்று அவசர வேலை வந்தது. கைத்திரியை மூடிவிட வேண்டியதுதான் என்று அவர் அச்சகத்தில் வந்து உட்கார்ந்தார்.

எழுத்துப் பெட்டி முன்னால் நின்று கோத்துக்கொண்டிருந்த இட்டியானம் கை வேலையை நிறுத்தவில்லை. "என் பேரைப் போடுங்க மாஷே."

"கூண்டுல நிக்கணும், இட்டியானம்."

"இத்தனை வருஷமா நான் என்ன உக்காந்தா வேலை பாக்குறேன்?"

திருச்சூருக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு வந்தாள். அந்த வாரம் மணல் செய்தியை மாஷ் மறுபடியும் போட்டார்; கடைசி வரியை இட்டியானம் தானே கோத்தாள். தாள் கைக்கு வந்ததும் மாஷ் திடுக்கிட்டார். தலைப்புக்கு வைக்கிற பெரிய எழுத்தில் நின்றது அவள் பெயர்.

"அடிவரிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய எழுத்து?"

"ஜெயிலுக்குப் போறவ யாருன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

பொறிஞ்சு தாருகுட்டியை விட்டுவிட்டு அவளை வழக்கில் சேர்த்தார். வழக்கு நாளில் அவருடைய வக்கீல் கோர்ட்டு வராந்தாவில் மாஷைத் தனியே அழைத்தார். நாலு வரி வருத்தம் போட்டால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம். மாஷுக்கும் வயதாகிவிட்டது, தலையாட்டப் போனார்.

"எழுதுங்க மாஷே, வேண்டாங்கல. ஆனா அதை நான் கோக்க மாட்டேன்" என்றாள் இட்டியானம்.

"வேற ஆளை வச்சு நாங்களே கோத்துக்கிறோம்" என்றார் வக்கீல்.

"குன்னங்குளத்துலதானே? கேட்டுப் பாருங்க."

வாய்தா வாங்கிக்கொண்டு கேட்டும் பார்த்தார்கள். போன அச்சகத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "சேச்சி கோக்க மாட்டேன்னதை நாங்க தொடமாட்டோம்." அதைக் கேட்டபோதுதான் மாஷுக்கு முதுகு நிமிர்ந்தது. வழக்கு நடந்தது. இட்டியானம் கூண்டில் ஏறி, "அச்சடிச்சது நான்தான்" என்று மை படிந்த கையைத் தூக்கிக் காட்டினாள். சிமெண்டைச் சோதித்த இன்ஜினியரே மணலைப் பற்றிச் சொல்லிவிட, வழக்குத் தள்ளுபடியானது. பொறிஞ்சு தன் செலவில் சுவரைத் திரும்பக் கட்டினார்.

அடுத்த இதழுக்கு மாஷ் மெல்லப் பேச்செடுத்தார். "இனி அந்த வரியைச் சின்னதாக்கிடலாமே. ஒரு செய்தி போடுற இடத்தை அடைக்குது."

"அதுவும் செய்திதான் மாஷே" என்றாள் இட்டியானம். "இந்த ஊர்ல இதுக்கு முன்னால வராத செய்தி."

கைத்திரி நின்றுபோகும்வரை அந்த எழுத்து சிறுக்கவில்லை.