கிரேஸ் நிறுத்திய பாய்மரம்

போன வியாழக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. பிரேசர் டவுனிலிருந்து கிரேஸின் தம்பி. "அக்கா காலையில போயிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணுமான்னு யோசிச்சேன். அப்புறம் சொல்லிடலாம்னு பட்டுச்சு." அவர் யோசித்தது நியாயம்தான்.

கிரேஸும் நானும் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் நடந்துவந்த படகு கிளப்பில் என்னைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறிப் போவோம். இரண்டு பெண்கள் துணைக்கு ஆளில்லாமல் பாய்ப்படகு எடுப்பது கிளப்பில் பலருக்குப் பிடிக்கவில்லை. மல்லேஸ்வரத்தில் என் மாமியாருக்கும் பிடிக்கவில்லை. "பேசுறவங்க பேசட்டும்டி. நீ வந்து கம்பியைப் பிடி" என்பாள் கிரேஸ்.

பாய்மரத்தின் அடியைப் படகின் நடுவிலுள்ள குழியில் பொருத்தி, தோள் கொடுத்து நிமிர்த்துவது அவள் வேலை. மரத்தை முன்னாலிருந்து தாங்கும் முன்கம்பியை இழுத்துப் படகின் மூக்கில் மாட்டி, இரும்புப் பின்னைச் செருகி, அது நழுவாமலிருக்க ஒரு சின்ன வளையத்தைப் பூட்டுவது என் வேலை. "போட்டாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் கையை எடுப்பாள். "கண்ணால பாத்துச் சொல்லாத, தொட்டுப் பாத்துச் சொல்லு" என்று ஒருமுறை கடிந்துகொண்டாள்.

போட்டி நாளன்று நாங்கள் தயாராகும் முன்பே எங்கள் படகைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் பின்னைச் செருகினேன், வளையத்தைப் பூட்டவில்லை. "போட்டாச்சு" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டுக் கயிற்றுக்காகக் குனிந்தாள். காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. மரம் பின்பக்கம் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது.

கிளப் செயலாளர் ஓடிவந்தார். "முன்கம்பில பின்னைச் செருகினது யாரு?"

"கிரேஸ்தான் சார்" என்றேன்.

அவள் தோளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானே திருத்திச் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவள் இனிப் படகைத் தொடக்கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தது. நான் வேறொருவரோடு போட்டிக்குப் போனேன். ஒரு கோப்பைகூட வாங்கினேன். அலுவலகத்தில் கிரேஸ் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. கேட்ட ஃபைலை எடுத்துத் தந்தாள், பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னாள். ஆனால் 'வாடி, போடி' என்றிருந்தவள் 'வாங்க, போங்க' என்று மாறிவிட்டாள். கடைசிவரை அப்படித்தான்.

அவள் நோயில் படுத்த பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனேன். "கிரேஸ், அன்னைக்கு வளையத்தைப் பூட்டாதது நான்தான்" என்று அழுதேன்.

"அது எனக்குத்தான் தெரியுமே" என்றாள். "தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

நான் போகவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகு எதற்கு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் பழைய கிளப் ஆள் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். "நல்லவங்க. என்ன, கொஞ்சம் கவனக்குறைவு, பாவம்" என்றார். அங்கேயும் நான் ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவள் சொல்லியும் நான் செய்யாத ஒரு வேலைதான். கிளப்பிலும் அலுவலகத்திலும் கிரேஸை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதற்காகவே. அவள் கவனக்குறைவானவள் அல்ல. வளையத்தைப் பூட்டாதவள் நான். பொய் சொன்னவளும் நான்.