முன்சீட்டு

எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை, இல்லாத ஒரு காரை வரைவது. ஒரு சினிமாவுக்காக. அறுபது வருடத்துக்கு முந்தைய பணக்காரக் கார், நீளமாக, சொகுசாக, எந்தக் கம்பெனியும் செய்யாத மாடலாக இருக்க வேண்டும் என்றார் இயக்குநர். சேலையூர் வீட்டில் உட்கார்ந்து மூன்று வாரம் வரைந்தேன். முகப்பில் பளபளவென்று குரோமியப் பட்டை, பின்பக்கம் மீன்வால். ஆனால் என் கைவரிசை முழுவதும் பின்சீட்டில்தான். சிவப்புத் தோல், கை வைக்கத் திண்டு, ஜன்னலுக்குச் சுருக்கு வைத்த திரை, காலுக்குக் கம்பளம். முன்சீட்டுக்கு ரெக்சின் ஒட்டிய பலகை போதும் என்று விட்டுவிட்டேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அதை முழு அளவில் செய்தார்கள். இயக்குநர் வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஏங்க, ஹீரோயின்தான் ஓனர். அவங்களேதான் ஓட்டுறாங்க. கதையைப் படிச்சீங்களா இல்லையா?"

படித்திருந்தேன், இரண்டு தடவை. இருந்தும் கார்க்காரர் என்றால் பின்னால் உட்காருபவர் என்று என் கை தானாக முடிவு செய்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். எனக்கு என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது. என் அப்பா முப்பது வருடம் அடுத்தவர் காரை ஓட்டியவர். அந்தச் சம்பளத்தில் படித்த நான் டிரைவருக்குப் பலகை போட்டிருக்கிறேன். சே, வெட்கமாக இருந்தது.

பலகையைப் பிடுங்கிவிட்டு ஸ்பிரிங், பஞ்சு, அதே சிவப்புத் தோல் என்று முன்சீட்டைப் புதிதாகப் போட வைத்தேன். ஓட்டுபவருக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வியாழக்கிழமை அப்பாவை ஸ்கூட்டரில் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அவர் பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாஞ்சு பாருங்கப்பா."

"வேணாம்மா, நல்லாத்தான் கீது."

"அட, சாயாமலே எப்படிச் சொல்றீங்க?"

"பின்னாடி ஆள் இருக்கும்போது சாயக்கூடாதும்மா."

அந்த ஆள் நான்தான். சீட்டின் முதுகுப்பக்கத் தையலைப் பார்க்கிறேன் என்று என் பாட்டுக்குப் பின்னால் ஏறி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய் முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அப்போதும் கொஞ்ச நேரம் அவர் நேராகத்தான் இருந்தார். பிறகு மெதுவாக முதுகைச் சாய்த்தார்.

"இடுப்பாண்ட பள்ளமா கீது. ஒரு இஞ்ச் ஏத்தச் சொல்லு."

ஏற்றச் சொன்னேன். மறுநாள் இயக்குநர் வந்தார். வேலை எனக்கே நிலைத்தது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்ததும் சாய்ந்துவிட்டார்.