உப்பில்லாத கஞ்சி

ஆள் முகம் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயசிலிருந்தே கூச்சம். அஞ்சாவது வரைக்கும் படித்ததில் எழுத்துக் கூட்ட வரும். அதனால் பாண்டிச்சேரியில் எங்கே என்ன தர்மம் கொடுக்கிறார்கள் என்று யாரையும் கேட்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோய், கட்டியிருக்கிற பேனரையெல்லாம் நின்று நின்று படிப்பேன். மழை மாசத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, அப்போதுதான் இந்தப் படிப்பு. படித்ததில் போர்வை கிடைத்தது, சேலை கிடைத்தது, கிறிஸ்துமஸுக்குப் பிரியாணிப் பொட்டலமும் கிடைத்தது. நான் தேடினது கண் ஆபரேஷன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் போய் ரொம்ப நாளாச்சு. மிச்சமிருந்த கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. அதுவும் போனால் அளத்து வரப்பில் கால் வைக்க முடியாது.

பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் ஹாலில் இலவசக் கண் முகாம் என்று ஒரு பேனர். கூட்டிப்போனேன். வாசலிலேயே நர்ஸம்மா பிரஷர் பார்த்தாள். பிரஷர் சரியாக இருந்தால்தான் உள்ளே டாக்டரிடம் விடுவார்கள்.

"ரொம்ப ஏறிக் கெடக்குது பெரியவரே. மாத்திரை தர்றேன். உப்பைக் கொறைச்சிட்டு அடுத்த முகாமுக்கு வாங்க."

"உப்பைக் கொறைக்கணும்னா என் காலைத்தாம்மா வெட்டணும். அது வழியாத்தான் ஏறுது."

வரிசையே சிரித்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வெயிலில் வேர்த்துக் கொட்டுவதால் அளத்துக்காரர்கள் கஞ்சியில் உப்பு தூக்கலாகப் போட்டுத்தான் குடிப்போம். மறுநாளிலிருந்து நான் போடவில்லை. கருவாட்டையும் நிறுத்தினேன்.

"ஏமே, ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொட்டினவன் நான். எனக்கு ஒரு சிட்டிகை கெடையாதா?"

"கெடையாது. கண்ணு வேணுமா வேணாமா?"

மருந்து மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். ஆள் இளைத்துப் போனார். வெயில் ஏறி உப்பு வார ஆரம்பித்த பிறகும் அடுத்த முகாம் வரவில்லை. கூலி போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறிப்போய்ப் பேனர் படித்துவிட்டு வருவேன். ரத்த தானம், நீர் மோர், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். கண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒரு நாள் பட்டப்பகலில் லைட்டைப் போடச் சொன்னார். எழுந்து போய்ப் போட்டேன்.

கடைசியில் முகாம் வந்தது. அதே ஹால், அதே நர்ஸம்மா.

"பிரஷர் சூப்பரா இருக்குது பெரியவரே!"

"எல்லாம் இவ சமையல்தான்" என்றார், என் பக்கம் என்று நினைத்து வேறு பக்கம் கை காட்டி.

உள்ளே சின்ன வயசு டாக்டரம்மா வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது புரை மட்டும் இல்லைங்க. உள்ள நரம்பு காய்ஞ்சி போச்சு. ஆபரேஷன் பண்ணாலும் பார்வை வராது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

"முன்னாடியும் வந்தோம்மா" என்றேன். அந்த ஊரில் நானாக வாய் திறந்து பேசினது அது ஒன்றுதான்.

வெளியே வரும்போது ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி கரைத்தேன். உப்பை அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுமே" என்றார்.

போட்டேன்.