வியர்க்காத டிரைவரோடு லாயாங் லாயாங் வரை

தங்கை மலரின் பதினோரு மாதப் பையனுக்குச் சில வாரங்களாகப் பகலெல்லாம் ஜுரம், பொழுது சாய்ந்தால் இல்லை. மருந்துக்கும் அசையவில்லை. அவள் போனில் அழுததைக் கேட்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து லாயாங் லாயாங்குக்குக் கிளம்பினேன். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வாடகைக் கார் கட்டணம் நூற்றிருபது வெள்ளி. பகல் பதினொரு மணிக்கு ஏறினேன். அந்த வெயிலில் கிளம்பியது மகா தப்பு.

டிரைவர் செல்வத்துக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் எண்ணி நாலு முடி, கண்ணைச் சுற்றிக் கறுத்துச் சுருங்கிய தோல், சிரித்தால் கூராக இரண்டே பல். பாதி வழியில் ஏர்கான் படுத்துவிட்டது. நான் தெப்பமாக நனைந்துவிட்டேன். அவரோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, குழாயடியில் சட்டையோடு தலைமுழுகிவிட்டு வந்தார். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடி நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, குளிக்க வந்தீங்களா, வண்டி ஓட்ட வந்தீங்களா? அங்க பிள்ளைக்குப் பகலெல்லாம் ஜுரம்!"

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. எனக்கு வேர்க்காது லா. பொறந்ததுலேர்ந்தே வேர்வைச் சுரப்பி கிடையாது. நனைக்கலன்னா உடம்பு கொதிச்சு மயக்கம் வந்துரும்."

எஸ்டேட்டில் வளர்ந்தவராம். சட்டை நனையாதவன் வேலை செய்யாதவன் என்று வேலை வாங்கும் மண்டோர் தினமும் ஏசுவாராம். இருபத்தைந்து வயதில்தான் ஒரு தோல் டாக்டர் பெயர் சொல்லியிருக்கிறார்: எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. கருவிலேயே தோல், முடி, பல், வியர்வைச் சுரப்பி எதுவும் சரியாக உருவாகாத பிறவிக் கோளாறு. பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருமாம்.

"சின்னதுல எனக்கும் பகல்ல ஜுரம் வரும். அது ஜுரமில்ல, வெறும் சூடு. ஆமா, உங்க பிள்ளைக்குப் பல்லு வந்திருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல் வரவில்லை. அடர்த்தியாக வளரட்டும் என்று மொட்டை போட்ட தலையில் முடியும் வரவில்லை. உடனே மலரைப் போனில் கூப்பிட்டேன்.

"பிள்ளைக்கு வேர்க்குதாடி?"

"இல்லக்கா. வேர்த்தா ஜுரம் இறங்கும்னு அம்மா ரெண்டு போர்வை போத்தி, ஜன்னலச் சாத்தி வெச்சிருக்காங்க."

"எடுடி! எல்லாத்தையும் எடு!"

"ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க, காத்தாடியப் போடச் சொல்லுங்க," என்று செல்வமும் கத்தினார். ஒரு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையன் தண்ணீர் வாளியைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான்தான் அழுதேன்.

குழந்தையோடு இந்த வழியில் போகிறவர்கள் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள். தண்ணீரும் துண்டும் கையில் இருக்கட்டும். பகலில் மட்டும் சுடும் பிள்ளைக்கு வேர்க்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வேர்க்காவிட்டால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். போகும்போது உங்கள் அம்மாவையும் அழைத்துப் போங்கள். குளுவாங்கில் நாங்கள் பையனைக் காட்டிய தோல் டாக்டர், "அம்மா வழியில ஆண் குழந்தை யாராவது தவறியிருக்கா?" என்று கேட்டபோது, நானும் மலரும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

அம்மா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒருத்தன் இருந்தான். உங்க ரெண்டு பேருக்கும் முன்னால. பல்லே வரல. ஜுரம்னு நான்தான் போத்திப் போத்தி வெச்சேன்."