சித்திரையில் போட்ட சிமெண்டுப் பாதை

ரொபேர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்சனோடு ஊர் திரும்பி, வரிச்சிக்குடிப் பக்கம் வாய்க்காலோரமாக வீடு கட்டிக்கொண்டார். பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை. மனைவி ழுலியேத்துக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போன பிறகு, அவர் பிடிவாதமெல்லாம் ஒன்றில் வந்து நின்றது. எப்படியாவது அவளை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஆள் வைத்துத் தூக்கிப் போகலாம்தான். "நாலு பேரு தூக்குற அன்னைக்கு நான் ஒரேயடியாப் போயிடுவேன். உயிரோட இருக்கையில தூக்க வேணாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சக்கர நாற்காலி இருந்தது. ஆனால் வாசலிலிருந்து தெருக் கேட்டுவரை வெறும் களிமண். மழைக்காலத்தில் சக்கரம் புதையும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். வாடகைக் கார்க்காரனும் உள்ளே வரமாட்டான்.

பாதை போட வேண்டியதுதான். ஆனால் எதில்? கருங்கல் என்றால் எங்கிருந்தோ லாரியில் வரவேண்டும். கல் விலையைவிட வண்டி வாடகை அதிகம். ழுலியேத் செங்கல் போதும் என்றாள். "எறங்குனா பேத்தெடுத்துத் திரும்பப் பதிச்சுக்கலாங்க."

"பேக்குறதும் பதிக்கிறதும்தான் எனக்கு வேலையா? ஒருதரம் போட்டா நான் செத்த பிறகும் கெடக்கணும்" என்றார் ரொபேர். சிமெண்டு என்று முடிவாயிற்று. செலவு கையைக் கடிக்கவே கம்பியை விட்டுவிட்டார். பாதைதானே, மாடியா என்ன?

சித்திரையில் வேலை தொடங்கியது. இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். ஆறு காய்ந்து கிடக்கும், மணல் அள்ளலாம். வயல் சும்மா கிடக்கும், ஆள் கிடைக்கும். "கோடையில செஞ்ச வேலைதாங்க நிக்கும்" என்றார் கொத்தனார் நடராசனும். வெடிப்புகளில் மணலைக் கொட்டி நிரப்பி மேலே கான்கிரீட் போட்டார்கள். காய்ந்து சுருங்கிக் கிடக்கிற களிமண், தண்ணீர் வந்தால் உப்பும் என்று யாருக்குத் தோன்றியது? ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பாதை வழவழவென்று வந்தது. ரொபேர் மனைவியை உட்காரவைத்து நாற்காலியைத் தெருக் கேட்டுவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். ழுலியேத் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை காலம் கழித்துச் சிரித்தாள்! ஆகஸ்ட் மாதா திருநாளுக்குப் போய்விடலாம் என்று பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போடச் சொன்னாள்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. மண் குடித்துக் குடித்து உப்ப, பாதை நடுவில் வெடித்து ஒரு பாளம் தூக்கிக்கொண்டு நின்றது. ரொபேர் பார்க்காமலில்லை. திருநாள் கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

திருநாளன்று காலை முன்சக்கரம் அந்த விளிம்பில் முட்டி நின்றது. "மெதுவாங்க" என்றாள். கார்க்காரன் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் பின்வாங்க மனம் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கித் தள்ளினார். நாற்காலி குப்புறக் கவிழ்ந்தது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி உட்காரவே முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ரொபேர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார். சத்தம் கேட்டுக் கட்டிலிலிருந்து ழுலியேத் குரல் கொடுத்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பேக்குறேன். நீ சொன்ன மாதிரி செங்கல்லே போட்டுடறேன்."

"யாருக்குங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சும்மாதான் கேட்டாள்.